வெளிநாட்டுக்கு பறவை பார்க்க போறதும் அதுக்கு கேமரா வாங்கறதும்: பாண்டி, கடலூர்க்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஊசுட்டேரி, பிச்சாவரம், மரக்காணம்னு நம்ம பக்கத்துல கொஞ்ச நாள் பறவை பார்த்துட்டு, அடுத்து இலங்கையோ தாய்லாந்தோ ஒரு தடவை போய்ட்டு வரலாம்னு நினைக்கறவங்களுக்காக இதை எழுதறேன். புதுசா வர்றவங்க கிட்ட திரும்ப திரும்ப நான் பார்க்கறது ஒண்ணுதான். முதல்ல பெரிய லென்ஸ் வாங்கிடறாங்க, அப்புறம் டிக்கெட் ஆஃபர் வந்த நாட்டுக்கு புக் பண்ணிடறாங்க, கடைசியாதான் அங்க என்ன பறவை இருக்குன்னு தேடறாங்க. வரிசை அப்படியே தலைகீழ். பறவை, மாசம், இடம், அதுக்கப்புறம்தான் லென்ஸ். கீழ இருக்கறதெல்லாம் இந்த வரிசையிலதான் வருது, ஒண்ணை தாண்டினா அடுத்தது உதைக்கும்.

1. பறவை லிஸ்ட் முதல்ல, டிக்கெட் அப்புறம்

ஒரு பேப்பர் எடுத்து நீங்க பார்க்கணும்னு ஆசைப்படற பத்து பறவை பேரை எழுதுங்க. "நிறைய பறவை பார்க்கணும்"னு கிளம்பினா கைடும் உங்களை எல்லாரும் போற இடத்துக்கே கூட்டிட்டு போவார், நம்ம ஊர் ஏரியில தினம் பார்க்கறதையே அங்கயும் பார்த்துட்டு வருவீங்க.

இலங்கையையே எடுத்துக்கோங்க. அந்த தீவுல மட்டுமே இருக்கற பறவை முப்பதுக்கு மேல. அதுல பெரும்பாலானது தென்மேற்குல இருக்கற ஈரக்காட்டுலயும் மலையிலயும் இருக்கு, அதாவது சிங்கராஜா, கித்துல்கல, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி. மன்னார் நல்ல இடம்தான், தமிழ்லயே பேசிக்கலாம், பூநாரை பார்க்கலாம், ஆனா அங்க இருக்கற பறவைல பெரும்பாலானது கடலுக்கு இந்தப் பக்கம் நம்ம கிட்டயே இருக்கு. ஒரு வாரம்தான் லீவுன்னா அந்த நாளையெல்லாம் ஈரக்காட்டுக்கு குடுங்க.

லிஸ்ட் ரெடியானதும் இபேர்ட் (eBird) சைட்டுக்கு போங்க, பறவை பார்க்கறவங்க தாங்க பார்த்ததை பதிவு பண்ற இடம் அது. அமெரிக்காவுல இருக்கற கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002ல இருந்து நடத்தறது, காசு கிடையாது. அதுல ஒரு நாட்டையோ ஒரு இடத்தையோ தேர்ந்தெடுத்து பார் சார்ட் போட்டு பார்த்தா, ஒவ்வொரு மாசமும் நாலு துண்டா பிரிச்சு எந்த வாரத்துல எந்தப் பறவை எவ்வளவு தென்படுதுன்னு பச்சைக் கோடா காட்டும். கோடு தடிப்பா இருந்தா அந்த வாரத்துல வாய்ப்பு அதிகம், முடி மாதிரி மெலிசா இருந்தா அதை நம்பி காசு செலவு பண்ணாதீங்க.

2. மாசத்தை பறவை முடிவு பண்ணட்டும்

பசங்களுக்கு லீவுன்னு மே மாசம் புக் பண்றதுதான் நான் அதிகமா பார்க்கற தப்பு. மே மாசம் இலங்கை தென்மேற்குல மழை பிடிக்க ஆரம்பிக்கும், சிங்கராஜாவுல வெளிச்சமும் இருக்காது, பாதையும் வழுக்கும். தாய்லாந்துல பாக் தாலே உப்பளத்துக்கு கரண்டிமூக்கு உள்ளான் பார்க்கப் போறவங்களுக்கு மே இன்னும் மோசம், ஏன்னா அது வடகிழக்கு ரஷ்யாவுல குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு மட்டும் தெற்க வர்ற பறவை, ஏப்ரலுக்குள்ள பெரும்பாலும் கிளம்பிடும்.

ரெண்டுக்குமே பொருந்தற காலம் டிசம்பர் கடைசியில இருந்து மார்ச் வரைக்கும். அரையாண்டு லீவு, பொங்கல் லீவு ரெண்டும் இதுக்குள்ளயே வந்துடுது, அப்புறம் எதுக்கு மே?

ஒரு விஷயம் நம்ம ஊர்க்காரங்க மட்டும் யோசிக்க வேண்டியது. நவம்பர், டிசம்பர்ல கிளம்பறதா இருந்தா முந்தின நாளே சென்னைக்கு போய்டுங்க. கடலூர்ல மழையும் புயலும் எப்படி வரும்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, ஈசிஆர்ல ஒரு இடத்துல தண்ணி ஏறினாலும் பிளைட் போச்சு. விடியக்காலை பிளைட்டுக்கு நைட்டு பஸ் பிடிச்சு போலாம்னு கணக்கு போடாதீங்க.

3. பேப்பர் வேலை

பாஸ்போர்ட் நீங்க திரும்பி வர்ற தேதிக்கு அப்புறமும் ஆறு மாசமாவது செல்லணும். விசா விதி அடிக்கடி மாறுது, அதனால போன வருஷம் போய்ட்டு வந்த ஃப்ரெண்ட் சொன்னதை வச்சு போகாதீங்க, அந்த நாட்டு அரசாங்க சைட்லயே பாருங்க.

கென்யா, உகாண்டா பக்கம் போறவங்க மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணும். கிளம்பறதுக்கு குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டிருக்கணும், அப்பதான் சர்டிஃபிகேட் செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் போட மாட்டாங்க, அரசு அனுமதிச்ச சென்டர்ல மட்டும்தான், சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க. சர்டிஃபிகேட் இல்லாம அந்த நாடுகள்ல இருந்து திரும்பி வந்தா இங்க ஏர்போர்ட்லயே தனியா நிறுத்தி வைக்கலாம். அதனால ஊசியை கடைசி வாரத்துக்கு தள்ளாதீங்க.

4. கேமராவுக்கு முன்னாடி பைனாகுலர்

இதை சொன்னா நிறைய பேர் கேக்க மாட்டாங்க, ஆனா நான் விடறதா இல்ல. கேமராவை மட்டும் வச்சு பறவை தேடறவங்க பாதி பறவையை பார்க்கறதே இல்ல. லென்ஸ்ல எம்எம் கூடினா எட்ட இருக்கறது பெருசா தெரியும், ஆனா 600 எம்எம் லென்ஸ் வழியா தெரியற இடம் ரொம்ப சின்னது, அதுக்குள்ள காட்டை தேட முடியாது. பைனாகுலர்ல தேடி, பறவையை கண்டுபிடிச்சு, எது எதுன்னு முடிவு பண்ணி, அப்புறம்தான் கேமரா.

8×42 வாங்குங்க, அதாவது 8 மடங்கு பெருசா காட்டும், முன்பக்க லென்ஸோட அகலம் 42 எம்எம். 10×42 இன்னும் பெருசா காட்டும்தான், ஆனா கை ஆடறதையும் சேர்த்து பெருசாக்கும், காட்சி பரப்பும் குறையும். இன்னொரு காரணம் வெளிச்சம். 42ஐ 8ஆல வகுத்தா 5.25, கண்ணுக்கு வர்ற ஒளிவட்டத்தோட அகலம் அத்தனை எம்எம், 10×42ல அது 4.2 தான். இருட்டுக் காட்டுக்குள்ள காலையில ஆறு மணிக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். கண்ணாடி போடறவங்க ஐ ரிலீஃப் (பைனாகுலரை கண்ணுல இருந்து எவ்வளவு தள்ளி வச்சாலும் முழுக் காட்சி தெரியுங்கற தூரம்) 15 எம்எம்க்கு மேல இருக்கான்னு பார்த்து வாங்குங்க, இல்லன்னா காட்சியோட ஓரம் தெரியாது.

5. எந்த இடத்துக்கு எந்த லென்ஸ்

"பெரிய லென்ஸ் எது"ன்னு கேக்கறத விட்டுட்டு "பறவை எவ்வளவு தூரத்துல, எவ்வளவு வெளிச்சத்துல உக்காரும்"னு கேளுங்க. இடத்துக்கு இடம் பதில் மாறும், அதனாலதான் லிஸ்டை முதல்ல எழுத சொன்னேன்.

சிங்கராஜா மாதிரி ஈரக்காடு: பறவை பக்கத்துலயே வரும், பத்து மீட்டர்ல கூட உக்காரும், ஆனா வெளிச்சம் இருக்காது. காலை ஒன்பது மணிக்கு கூட மரத்தடியில ஐஎஸ்ஓ 6400 போட வேண்டி வரும் (ஐஎஸ்ஓ கூட்டினா இருட்டுலயும் படம் வரும், ஆனா புள்ளி புள்ளியா கெடும்). இங்க எம்எம் முக்கியம் இல்ல, எஃப் நம்பர்தான் முக்கியம், அது சின்னதா இருந்தா லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ள விடும். கணக்கு ரொம்ப சுலபம். எஃப் 5.6 லென்ஸ்ல ஐஎஸ்ஓ 3200ல எடுக்கற அதே படத்தை எஃப் 8 லென்ஸ்ல எடுக்கணும்னா 6400 வேணும், எஃப் 4ன்னா 1600 போதும். 300 எம்எம் எஃப் 4, இல்ல 400 எம்எம் எஃப் 5.6 இருந்தா இந்தக் காட்டுக்கு அருமை. கேனான் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம், தூக்கறதுக்கு சொகம், விலையும் கம்மி, ஆனா 400ல அது எஃப் 8. ஏரிக்கரைக்கும் மலைக்கும் தாராளமா வாங்கலாம், இருட்டுக் காட்டுக்குன்னு வாங்காதீங்க.

உப்பளம், சேறு, கடற்கரை: இங்க எல்லாமே தலைகீழ். வெளிச்சம் கொட்டும், பறவை எட்ட இருக்கும், அதுவும் சிட்டுக்குருவி சைஸ்தான். 500, 600 எம்எம் வேணும். சிக்மா 150-600 கன்டெம்பரரி, டாம்ரான் 150-600 ஜி2, நிக்கான் 200-500, சோனி 200-600 எல்லாம் இந்த வகை, எடை சுமாரா 2 கிலோல இருந்து 2.3 கிலோ வரைக்கும். கரண்டிமூக்கு உள்ளானை நூத்துக்கணக்கான மத்த உள்ளான்களுக்கு நடுவுல தேடணும், அதுக்கு லென்ஸ் போதாது, ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஸ்டாண்டுல வச்சு பார்க்கற சின்ன டெலஸ்கோப்) வச்சிருக்கற கைடைத்தான் பிடிக்கணும்.

மறைவிடம்: தாய்லாந்துல கேங் கிராச்சான் பக்கம் தண்ணித் தொட்டி வச்சு, முன்னாடி துணி மறைவு கட்டி, காசு வாங்கிட்டு உக்கார வைப்பாங்க. பறவை மூணு நாலு மீட்டர்ல வந்து தண்ணி குடிக்கும். அங்க ஜூம் ஆகாத 600 ஃபிக்ஸட் லென்ஸ் வச்சிருந்தா காட்டுக்கோழியோட தலை மட்டும்தான் ஃப்ரேம்ல வரும், சில லென்ஸ் அவ்வளவு கிட்ட ஃபோகஸே ஆகாது. உங்க லென்ஸோட குறைஞ்சபட்ச ஃபோகஸ் தூரம் எவ்வளவுன்னு பாருங்க, சோனி 200-600க்கு 2.4 மீட்டர், நிக்கான் 200-500க்கு 2.2, பழைய கேனான் 400 எஃப் 5.6க்கு 3.5 மீட்டர். மறைவிடத்துக்கு ஜூம்தான் சரி.

கேமரா பாடியை பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமை விட சின்ன சென்சார்) போதும், 400 எம்எம் லென்ஸ் நிக்கான், சோனி க்ராப்ல 600 மாதிரியும் கேனான்ல 640 மாதிரியும் காட்டும். மிச்சமாகற காசை லென்ஸ்ல போடுங்க. லென்ஸே மாத்த வேண்டாம், எடையும் வேண்டாம், பறவை எதுன்னு தெரியற அளவுக்கு படம் போதும்னு நினைக்கறவங்களுக்கு நிக்கான் பி950 இருக்கு, சுமார் 1 கிலோ, 2000 எம்எம் அளவுக்கு இழுக்கும், நல்ல வெயில்ல நல்லாவே எடுக்கும், காட்டுக்குள்ள சொதப்பும். வயசானவங்களுக்கும் தோள்பட்டை வலி இருக்கறவங்களுக்கும் நான் அதைத்தான் சொல்லுவேன்.

6. வாங்கறதா, வாடகையா, செகண்ட் ஹேண்டா

வருஷத்துல ஒரு வாரம்தான் 600 தேவைன்னா சென்னையில வாடகைக்கு எடுங்க. ஆனா வெளிநாடு கொண்டு போறீங்கன்னு முன்கூட்டியே சொல்லி எழுத்துல சம்மதம் வாங்குங்க, சில கடையில அதுக்கு ஒத்துக்க மாட்டாங்க. கிளம்பற அன்னிக்கு எடுக்காம ரெண்டு மூணு நாள் முன்னாடியே எடுத்து ஏரியில ஓட்டிப் பாருங்க.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் நம்ம கடலோரத்துல வாங்கும்போது டார்ச் இல்லாம போகாதீங்க. பின்பக்கம் டார்ச் அடிச்சு முன்பக்கம் சாய்வா பாருங்க, கண்ணாடிக்குள்ள சிலந்தி வலை மாதிரி மெலிசா கிளை விட்டு தெரிஞ்சா அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம். அடுத்து மவுண்ட் (லென்ஸ் கேமராவுல மாட்டற இடம்) பக்கத்து ஸ்க்ரூவை பாருங்க, துரு இருந்தா அந்த லென்ஸ் உப்புக்காத்துல கிடந்திருக்கு. உங்க சொந்த லென்ஸை ஈரப்பதம் 40ல இருந்து 50 சதவீதம் இருக்கற ட்ரை கேபினட்ல வைங்க, அது வாங்க முடியலன்னா காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. பீரோவுல துணிக்கு நடுவுல வைக்கறது மட்டும் வேண்டாம், துணி ஈரத்தை பிடிச்சு வச்சுக்கும்.

7. ஊசுட்டேரியிலயும் மரக்காணத்துலயும் பழகுங்க

புது லென்ஸோட நேரா பிளைட் ஏறாதீங்க. குறைஞ்சது ஒரு மாசம் வாராவாரம் இங்க பழகணும். ஏன்னா காட்டுல பறவை உங்களுக்கு குடுக்கறது மூணு நாலு செகண்ட், அதுக்குள்ள பட்டனை தேடக் கூடாது.

முதல் பழக்கம், பறவையை வ்யூஃபைண்டருக்குள்ள கொண்டு வர்றது. ஏரிக்கரையில நின்னு கரண்ட் கம்பியில உக்காந்திருக்கற மீன்கொத்தியை பாருங்க. கண்ணை அதுலயே வச்சுட்டு, தலையை ஆட்டாம, கேமராவை கண்ணுக்கு தூக்குங்க. புதுசா வர்றவங்க கேமராவை குனிஞ்சு பார்த்துட்டு நிமிர்றாங்க, பறவை எங்கன்னு தேடறாங்க, வெறும் வானம் தெரியுது, அதுக்குள்ள மீன்கொத்தி தண்ணிக்குள்ள பாஞ்சு எழுந்து வேற கம்பிக்கு போய்டுது. ஜூம் லென்ஸா இருந்தா 200ல வச்சு கண்டுபிடிச்சு அப்புறம் 600க்கு இழுங்க. இதை கண்ணை மூடிட்டு கூட செய்யற அளவுக்கு வரணும்.

ரெண்டாவது, வெளிச்சம். மேனுவல் மோட் வச்சு ஆட்டோ ஐஎஸ்ஓ போடுங்க, ஷட்டர் வேகத்தை நீங்க வைங்க, ஐஎஸ்ஓவை கேமரா பார்த்துக்கும். உக்காந்திருக்கற பறவைக்கு 1/500 செகண்ட், பறக்கறதுக்கு 1/2000. இருட்டுக் காட்டுல உக்காந்திருக்கற பறவைக்கு 1/200 வரைக்கும் கூட இறங்கலாம், ஆனா பத்து இருபது ஷாட் அடிச்சாதான் ஒண்ணு ரெண்டு ஆடாம வரும். வெள்ளைக் கொக்கு வெயில்ல நின்னா எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியா, குறைங்க, இல்லன்னா இறகு வெறும் வெள்ளைத் தாளா போய்டும், பின்னாடி கம்ப்யூட்டர்ல மீட்க முடியாது. வானத்துக்கு எதிரா நீர்க்காகம் இருந்தா ஒரு ஸ்டாப் கூட்டுங்க.

பறக்கற படத்துக்கு கடலூர் ஓல்டு டவுன் துறைமுகத்தை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மீன் இறக்கற நேரத்துல செம்பருந்து தலைக்கு மேலயே சுத்தும், பெரிய பறவை, நிதானமா பறக்கும், அதை பிடிக்க வந்துட்டா அப்புறம் ஆலாவை முயற்சி பண்ணுங்க. பிச்சாவரம் படகுல உக்காந்து எடுத்துப் பாருங்க, ஆடற இடத்துல ட்ரைபாட் உதவாதுன்னு தானா புரியும்.

தாய்லாந்து உப்பளம் போறவங்க மரக்காணம் உப்பளத்துக்கு கண்டிப்பா போங்க. கொசு உள்ளான் கிட்டத்தட்ட கரண்டிமூக்கு உள்ளான் சைஸ்தான், அதை ஐம்பது மீட்டர்ல வச்சு எடுத்துப் பார்த்தா உங்க லென்ஸோட எல்லை தெரிஞ்சுடும். இன்னொண்ணும் தெரியும். காலை ஒன்பது மணிக்கு மேல தரையில இருந்து சூடு கிளம்பி படம் முழுக்க தண்ணிக்குள்ள எடுத்த மாதிரி நெளியும். லென்ஸ் ரிப்பேர்னு நினைச்சு சர்வீஸ் சென்டருக்கு போனவங்க இருக்காங்க. அது லென்ஸ் இல்ல, கானல். எவ்வளவு விலை குடுத்து வாங்கினாலும் அதுக்கு வழி கிடையாது, விடிஞ்சதும் எடுக்கணும், கிட்ட போகணும், தாழ்வா படுக்கணும், அவ்வளவுதான்.

8. பேக்கிங், ஏர்போர்ட்

பல ஏர்லைன்ல கையில கொண்டு போற பை 7 கிலோதான். கேமரா, லென்ஸ், பைனாகுலர், பேட்டரி எல்லாம் கைப்பையில, மத்தது எல்லாம் செக்-இன்ல. வீட்டுலயே எடை போட்டு பாருங்க, காலி கேமரா பையே சிலது 2 கிலோ இருக்கும், அதுக்கு பதிலா சாதா பேக்பேக்ல துணி சுத்தி வைக்கலாம்.

கழட்டி வச்ச பேட்டரியும் பவர் பேங்கும் செக்-இன்ல போடவே கூடாது. 100 வாட் ஹவர் வரைக்கும் கைப்பையில தனி அனுமதி இல்லாம கொண்டு போகலாம், 100ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன் அனுமதி வேணும். பவர் பேங்க்ல எம்ஏஹெச் மட்டும் போட்டிருந்தா அதை 3.7ஆல பெருக்கி 1000ஆல வகுங்க, 20000 எம்ஏஹெச்சுக்கு 74 வாட் ஹவர், பிரச்சனை இல்ல. பேட்டரி முனையில டேப் ஒட்டுங்க.

பீன் பேக் (லென்ஸ் ஆடாம அடியில வைக்கற பை) காலியா கொண்டு போங்க. அங்க கடையில ரெண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிட்டு கிளம்பும்போது யாருக்காவது குடுத்துட்டு வாங்க. இங்க இருந்து அரிசியோட போனா எடையும் போச்சு, சில நாட்டுல தானியத்தை உள்ள விடவும் மாட்டாங்க. கென்யா போறவங்க பிளாஸ்டிக் கேரி பேக் எதுவும் வைக்காதீங்க, 2017ல இருந்து அங்க தடை.

முக்கியமா ஒண்ணு. சென்னை ஏர்போர்ட்ல கிளம்பும்போதே கஸ்டம்ஸ் கவுண்டர்ல கேமராவையும் லென்ஸையும் காட்டி, சீரியல் நம்பர் போட்டு எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்குங்க. திரும்பி வரும்போது "இதை வெளிநாட்டுல வாங்கினீங்களா"ன்னு கேட்டா அந்த பேப்பர்தான் பேசும், இல்லன்னா வரி கட்ட சொல்லலாம். பில் ஜெராக்ஸும் கையில இருக்கட்டும். இதுக்காக ஒரு மணி நேரம் முன்னாடியே போங்க, எல்லாரும் அவசரத்துல இதைத்தான் விட்டுடறாங்க.

9. அங்க போன பிறகு

கைடுக்கு உங்க லிஸ்டை ஒரு மாசம் முன்னாடியே அனுப்பிடுங்க. படம் எடுக்கணுமா, பார்த்தா போதுமான்னும் சொல்லுங்க, ஏன்னா ரெண்டுக்கும் நடக்கற வேகம் வேற. பறவையை அடையாளம் கண்டுபிடிக்க உதவற மெர்லின் ஆப்ல அந்த நாட்டு பேக்கை வீட்டு வைஃபைலயே டவுன்லோட் பண்ணிக்கோங்க, காட்டுக்குள்ள சிக்னல் இருக்காது.

சிங்கராஜாவுல ஒரு காட்சிக்கு தயாரா இருங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே இருக்காது, காடே வெறிச்சுனு இருக்கும். திடீர்னு ஆரஞ்சு அலகு சிலம்பன் கூட்டமா சலசலன்னு வரும், கூடவே இலங்கை கரிச்சான், அதுக்கு பின்னாடி மேல் கிளையில செம்முகப் பூங்குயில், இலங்கையோட நீல வால்காக்கை, தரையில ஒண்ணு, தலைக்கு மேல ஒண்ணு. புதுசா வந்தவங்க எல்லாத்தையும் எடுக்கணும்னு கேமராவை அங்கயும் இங்கயும் திருப்பி ஒண்ணையும் ஒழுங்கா எடுக்க மாட்டாங்க. அசையாம நில்லுங்க, முதல் நிமிஷம் பைனாகுலர்ல பாருங்க, கூட்டம் எந்தப் பக்கம் நகருதுன்னு தெரிஞ்சதும் ஒரே ஒரு பறவையை முடிவு பண்ணி அதுக்கு முன்னாடி இருக்கற வெளிச்சமான கிளையில லென்ஸை வச்சு காத்திருங்க. ட்ரைபாட் அந்தப் பாதையில தொந்தரவு, மோனோபாட் போதும். அட்டைக்கு லீச் சாக்ஸ் போட்டுக்கோங்க, குனிஞ்சு அட்டையை பிடுங்கற நேரத்துலதான் பறவை போய்டும்.

ஃபோன்ல பறவை சத்தம் போட்டு கூப்பிடாதீங்க, கைடு போட்டா கூட வேண்டாம்னு சொல்லுங்க. வேற ஆண் பறவை வந்துடுச்சுன்னு நினைச்சு அது இரையையும் கூட்டையும் விட்டுட்டு வரும், தினம் பத்து க்ரூப் இதையே பண்ணா அந்தப் பறவை என்ன ஆகும்னு யோசிங்க. பகல்ல ஜோடியா தூங்கற தவளைவாயன்ங்கற ராத்திரிப் பறவையை காட்டுவாங்க, ஃபிளாஷ் இல்லாம ரெண்டு படம் எடுத்துட்டு நகர்ந்துடுங்க. கூடு பக்கம் போகவே போகாதீங்க.

ஏசி ரூம்ல கேமராவை திறந்து வச்சு தூங்கிட்டு காலையில வெளிய வந்தா லென்ஸ் முழுக்க பனி படிஞ்சுடும், தெளியறதுக்குள்ள நல்ல வெளிச்சம் போய்டும். பையை மூடி ஏசி காத்து படாத இடத்துல வைங்க, இல்லன்னா அரை மணி நேரம் முன்னாடி மூடின பையோட வராந்தாவுல வைங்க. பனி படிஞ்சிருக்கும்போது லென்ஸை கழட்டாதீங்க, ஈரம் உள்ள போய்டும்.

தினம் ராத்திரி படங்களை ரெண்டு இடத்துல காப்பி பண்ணுங்க. ரெண்டையும் ஒரே பையில வைக்காதீங்க.

10. வீட்டுக்கு வந்ததும்

அன்னிக்கே, எவ்வளவு அசதியா இருந்தாலும், லென்ஸையும் பாடியையும் லேசா ஈரத்துணியால துடைச்சு, உலர்ந்த துணியால இன்னொரு தடவை துடைச்சு, ட்ரை கேபினட்ல போடுங்க. ஈரக்காட்டுல இருந்து வந்த பையை அப்படியே மூடி வச்சா பூஞ்சைக்கு அதுவே போதும். பையை தனியா வெயில்ல காய வைங்க, சிலிக்கா ஜெல்லை மாத்துங்க.

அப்புறம் ஒரு வாரத்துக்குள்ள இபேர்ட்ல லிஸ்ட் போட்டுடுங்க, பார்த்ததை அப்படியே போடுங்க, எத்தனை பறவை, எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம் நடந்தீங்கன்னு. நீங்க போறதுக்கு முன்னாடி பார்த்தீங்களே அந்தப் பச்சைக் கோடு, அது இப்படி ஒவ்வொருத்தரும் போட்ட லிஸ்ட்ல இருந்துதான் வருது. ஆந்தையோட, ஆபத்துல இருக்கற பறவையோட சரியான இடத்தை மட்டும் படத்தோட சேர்த்து வெளியில எங்கயும் போடாதீங்க.